அவருக்கு வைத்த பொட்டலம்

என் கணவருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் அரச மரத்தடியில் இருந்த காவல் சாமிக்கும் ஒரே பெயர். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அதுதான் தொல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கப்பலேற்றி அனுப்பினாள். அதனால் சாமி பெயரும் என் வாயில் வராது. மற்றப் பெண்கள் மரத்தடியில் நின்று பெயர் சொல்லிக் கும்பிடுவார்கள். நான் "இந்தாங்க" என்று கூப்பிட்டுக் கும்பிடுவேன். வீட்டில் இருப்பவரும் 'அவரு', மரத்தடியில் இருப்பவரும் 'அவரு'. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் சிரிப்பு. "இன்னிக்கு பொங்கல் எந்த அவருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைப்பார்.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை எழுதுகிறாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அதை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகவேண்டும். காலையில் வேலைக்காரர்கள் பால் மரம் வெட்டப் போய்விட்டால் லயத்து வரிசை வீடுகளில் கோழிச் சத்தமும் நாய்ச் சத்தமும்தான். என் கணவரும் மரம் வெட்டுகிறவர்தான். அவர் அப்பா பூசாரியாக இருந்ததால் சாமி காரியமும் அவர் கைக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு பூசை. சேவல், கள், சுருட்டு, கூடவே ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சா. ஊரில் எப்படி வைத்தார்களோ அப்படியே இங்கும் வைத்தார்கள். பினாங்கில் கப்பல் இறங்கி வருகிற ஒரு காவிக்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். சாமி முன்னால் அதைப் புகையவிட்டு, மீதியை இவர் இரண்டு இழுப்பு இழுப்பார். அதை நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு மட்டும் நன்றாகப் பாடுவார்.

அது சட்டத்துக்கு விரோதம் என்று யாருக்குத் தெரியும்? கள்ளுக்கடையைத் தோட்டமே வைத்து நடத்தியது. ஈப்போவில் அபின் விற்கிற சண்டுக்கடையில் சர்க்கார் பலகையே தொங்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு சலாம் போட்டுப் போவார்களாம். பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரி. அவர்கள் கோயிலில் சாமியார் பூசைக்கு நடுவில் திராட்சை ரசம் குடிப்பார் என்று அவள்தான் சொன்னாள். எல்லாச் சாமிக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பூசைக்கு ஒரு வாரம் இருந்தது. நான் மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு வெள்ளைக்காரத் துரை, இரண்டு மாத்தா, கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒரு துபாசி. போலீஸ்காரரை எங்கள் பக்கம் மாத்தா என்றுதான் சொல்வோம். எந்நேரமும் குரைக்கிற லயத்து நாய்கள் அன்றைக்கு ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்குள் போகவில்லை. நேராக மரத்துக்கு வந்து, கிளையில் தொங்கிய தகர டப்பாவைத் திறந்து, பூசைக்கு வைத்திருந்த கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தார்கள். யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துபாசி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு. எனக்கு ஆறுதலாகப் போயிற்று.

"பிள்ளை, இது ஆற்றை?" என்று பொட்டலத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஆத்துலேருந்து எடுக்கலங்க. இங்கதான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறில்லைப் பிள்ளை. இது ஆருக்குச் சொந்தம் எண்டு கேக்கிறன்."

"அதுங்களா? அவருதுங்க."

"அவற்றையோ?"

"ஆமாங்க. அவருக்குன்னு வச்சது. வேற யாரும் தொட மாட்டோம்."

அவர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை எழுதிக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் நடுங்காமல் பதில் சொல்லிவிட்டேன். சாமிக்கு உரியது என்று தெரிந்துவிட்டது, இனிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்து, துபாசிக்குக் காப்பி போடட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் அவர்கள் போகவில்லை. பால் நிறுக்கிற கொட்டகைப் பக்கம் பார்த்தபடி நிழலில் நின்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"யாருதுன்னு கேட்டாங்க. அவருதுன்னு சொன்னேன்."

"எவருதுன்னு?"

"அவருதான்க்கா. மரத்தடியில இருக்காரே."

அக்கா முகத்தில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி. கட்டினவ வாயால அவருன்னா எவன்டி சாமிய நெனப்பான்? ஒம் புருசனையில்ல காட்டிக் குடுத்திருக்க."

நான் வெளியே ஓடினேன். அதற்குள் அவர் பால் வாளிகளோடு வந்துவிட்டார். வாளியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. ஒரு மாத்தா வாங்கி வைத்தார், இன்னொருவர் விலங்கு மாட்டினார்.

வழக்கு விசாரணை நாளன்று கச்சேரிக்கு நானும் அக்காவும் மாட்டு வண்டியில் ஈப்போ போனோம். அதுவரை நான் ஈப்போவைப் பார்த்ததில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள், இரண்டு பக்கமும் கடைகள், ஐஸ் சீவிப் போட்ட சிவப்புச் சர்பத்து. அக்கா வாங்கிக் கொடுத்தாள். பல் கூசிற்று, ஆனாலும் ஆசையாகக் குடித்தேன். புருஷன் கூண்டில் நிற்கப் போகிற நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"உள்ள போய் சாமி பேரச் சொல்லிரு லா," என்றாள் அக்கா. "அவரு இவருன்னு இழுக்காத."

"சொன்னா அவருக்கு ஆயுசு கொறையுங்க்கா."

"ஜெயில்ல போட்டா மட்டும் கூடுமா?"

கச்சேரியில் அதே துபாசிதான் நின்றார். என் கணவர் அது சாமிக்கு வைத்தது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். மேலே உட்கார்ந்திருந்த நீதிபதித் துரை என்னைக் கேட்கச் சொன்னார்.

"பிள்ளை, அண்டைக்கு அவற்றை எண்டு சொன்னனீ. அந்த அவர் ஆர்?"

"மரத்தடியில இருக்கிறவருங்க."

"அவருக்குப் பேர் இருக்குமெல்லோ. பேரைச் சொல்லு."

நான் கூண்டைப் பார்த்தேன். என் கணவர் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். ஆயுசுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஆயுசு போனாலும் போகட்டும், சிறைக்குப் போகக் கூடாது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கச்சேரி முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன்.

துபாசியின் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. பெயரைச் சொன்னார், அதோடு நிறுத்தாமல் மரத்தைக் காட்டுவது போலக் கையை நீட்டி இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். அதில் குற்றவாளியின் பெயர் இருந்தது. நான் சொன்ன அதே பெயர். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆறு மாதம்.

பத்து காஜா சிறைக்குப் போகிற வண்டி முற்றத்தில் நின்றது. அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சடைமுடிச் சாமியார், மற்றவர்கள் காலில் செருப்பில்லாத தோட்டத்து ஆட்கள். சப்பாத்துப் போட்ட ஒருவரும் அதில் இல்லை. என் கணவர் ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"தலைய ஆட்டினேன்ல?"

"ஆயுசுக்குன்னு நெனச்சேன்."

"போ. பேரு நல்லாத்தான் கேட்டுச்சு." அப்போதும் அவருக்குச் சிரிப்புதான். ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. "பூசைய விட்டுராதீங்க. அவரு பசி தாங்க மாட்டாரு."

ஆனால் பூசை நாளன்று மரத்தடிக்கு ஒருவரும் வரவில்லை. அந்த வாரத்தில் ஒருவர் காலை வெட்டுக்கத்தியில் கிழித்துக்கொண்டார், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சாமி பசியோடு இருக்கிறார் என்று லயத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சாமிக்குப் பயம், மாத்தாவுக்கு அதைவிடப் பயம். பொழுது சாய்வதற்குள் நான் மட்டும் கடைச் சுருட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் தூர நின்றுதான் கும்பிடலாம், சாமியாக நட்டிருந்த கல்லுக்குக் கிட்டே போகக் கூடாது. போனேன். ஒரு தடவை சொல்லிவிட்ட வாய்தானே என்று, பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன்.

"இந்த வருசம் இது மட்டுந்தான். கோவிச்சுக்காம இழுங்க. அங்க இருக்கிறவர ஒண்ணும் பண்ணிராதீங்க."

கல்லின் மேல் வைத்துப் பற்றவைத்தேன். காற்று இல்லை, மழை இல்லை. சுருட்டு பாதியில் அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடியும் அணைந்தது. தீக்குச்சி தீரும்வரை பற்றவைத்துக்கொண்டே இருந்தேன்.