நீல வேனைக் கண்ட சாட்சி

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் படித்தார். உயரம் போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கல்முனையில் புடைவைக்கடை போட்டுக்கொண்டார். கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் அவர் வாங்கிவந்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் வீட்டில் மிஞ்சின. ஆட்களை விசாரிப்பது எப்படி என்று பொலிஸாருக்காக எழுதியவை. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதிகம் வெளியே போகாமல், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன்.

அடி உதை பற்றி இருக்கும் என்றுதான் திறந்தேன். கதிரையை எங்கே போடுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்றல்லவா எழுதியிருந்தது! பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடக் கூடாதாம். திரும்பத் திரும்பக் கேட்டால், குற்றம் செய்யாதவனும் தான்தான் செய்தேன் என்று நம்பத் தொடங்குவானாம். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் நம்பவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று யார் சொல்வார்?

பிறகு ஒரு விடியற்காலை, நிந்தவூருக்குப் போகும் வழியில் காக்காவின் சைக்கிளை ஏதோ இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. சற்றுப் பின்னால் தலையில் கூடையோடு நடந்து வந்த மீன்கார அக்காதான் ஒரே சாட்சி. கடற்கரைத் தமிழ்க் குடும்பத்தவர், எங்கள் வீட்டுக்கும் மீன் கொண்டுவருபவர். நீலமாக ஒன்று போனதாகச் சொன்னார். “நீல வேனா?” என்று யாரோ கேட்டார்கள். “ஓம்” என்றார்.

எங்கள் தெருவில் நீல வேன் ஓட்டுபவர் ஒருவர்தான் இருந்தார். வாப்பாவின் தம்பியான சாச்சா அவரை எங்கள் முற்றத்துக்குக் கூப்பிட்டார். அவர் முதலில் அல்லாஹ்மேல் ஆணையிட்டு மறுத்தார். பின்னேரம் அசர் தொழுகை வரை ஆள்மாறி ஆள்மாறிக் கேட்டார்கள். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ராவெல்லாம் வேன் ஓடிட்டு வந்த நான். கண் சொக்கின நேரம் பட்டிச்சோ, தெரியா” என்றார்.

ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்தது முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

“சாச்சா, அவரை இனிக் கேக்காதீங்க. மீன்கார அக்காவோட நான் ஒருக்காக் கதைக்கிறன்.”

“நீ என்ன பொலிஸா?” என்றார் சாச்சா. ஆனாலும் டிரைவரைப் போகவிட்டார்.

மறுநாள் அக்கா வந்தபோது தேத்தண்ணி கொடுத்து, அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

“வேனெண்டு எல்லாருக்கும் சொல்லிட்டனே புள்ள.”

“வேனை விடுங்க அக்கா. அண்டைக்கு எழும்பினதில இருந்து சொல்லுங்க. தேவையில்லாததையும் சொல்லுங்க.”

தோணி வந்தது, சாளை குறைவாகப் பட்டது, மகனோடு சண்டை பிடித்தது எல்லாம் சொன்னார். இடையில் பேச்சு நின்றது. கேள்வி கேட்டுவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“சும்மாடு சரிஞ்சிட்டு. குனிஞ்சி நிண்ட நான். மறுகா பின்னால கடகடவெண்டு இரும்புச் சத்தம். என்னைத் தாண்டிப் போகக்குள்ள வைக்கல் தூசி கண்ணில விழுந்திச்சி...” கோப்பையைக் கீழே வைத்தார். “புள்ள, வேனில ஏது வைக்கல்? அது உழவு மிசின். பின்னால இழுத்த பெட்டியில நீலப் படங்குச் சீலை போட்டு மூடியிருந்த!”

“இவ்வளவும் எனக்குள்ளயா கிடந்த?” என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

சாச்சா வயல் பக்கமாக விசாரித்துக்கொண்டே போய், சவளக்கடை என்ற ஊரில் அந்த உழவு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஓட்டியவர் மறுக்கவில்லை. பயத்தில் நிற்காமல் போய்விட்டாராம். ஆஸ்பத்திரிக்கு வந்து காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்கே சாச்சா வேன் டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் கோபப்படவில்லையாம். “நான் இல்லையெண்டு எனக்கே இப்பதான் விளங்குது” என்றாராம்.

சாச்சா வந்து அதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.