டிக் சத்தத்துக்குப் பிறகு ஓர் இழுப்பு

டயர் கடைக்காரரின் வலது கை ஒரு தனிப் பிறவி. முடிவெடுப்பதெல்லாம் அது, பேச்சு வாங்குவது மட்டும் அவர். அந்தக் கை மூடிய குழாயை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அது மூடிய ஜாம் பாட்டில் ஒன்று அலமாரியில் குடும்பச் சொத்து மாதிரி அப்படியே இருக்கிறது, திறக்கும் வாரிசு இன்னும் பிறக்கவில்லை.

கடையில் சக்கர நட்டு முறுக்க நல்ல ஸ்பானர் ஒன்று உண்டு. போதுமான அளவு இறுகியதும் அதுவே 'டிக்' என்று சத்தம் போடும். போதும், நிறுத்து என்று அர்த்தம். மற்ற மெக்கானிக்குகள் நிறுத்துவார்கள். இவர் அந்த 'டிக்'கைச் சின்னப் பையன் சொன்ன யோசனையாக எடுத்துக்கொண்டு, கடைசியாக ஓர் இழுப்பு இழுப்பார். "கெட்டியா இருக்கணும்ல?" என்பார். அதனால் தெருவில் அவர் பெயர் கெட்டியார். நடுவழியில் பஞ்சராகி, அந்த நட்டில் மாட்டிய ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்தும் கழற்ற முடியாத வாடிக்கையாளர்கள் அவருக்கு வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது.

இப்படிப்பட்ட மனிதர் கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போனார் என்றால், காரணம் மகள்தான்.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையன் தங்கம், அவனுடைய அம்மா அதைவிடத் தங்கம். அப்பா பல் டாக்டர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள், கோல்ஃப் ஆடுகிறவர்கள், இன்னும் ஆட ஆரம்பிக்காதவர்கள். இரண்டு குடும்பமும் முதன்முறை சந்தித்தபோது, டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு மனுஷனத் தெரிஞ்சுக்கணும்னா அவனோட ஒன்பது குழி ஆடிப் பாக்கணும் சார். கத்துக்கிட்டு வாங்க. சேர்ந்து ஆடுவோம். அப்புறம் உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்."

மகள் முகத்தில் இரத்தம் வற்றியது. கெட்டியார் கம்பீரமாகத் தலையாட்டினார். கோல்ஃப் பந்து என்ன நிறம் என்று அப்போது கேட்டிருந்தால்கூட யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

மறுநாளே ஊர் ஓரத்துப் பயிற்சி மைதானத்தில் சேர்ந்தார். பயிற்சி கொடுத்த அம்மாளின் பேச்சில் சர்க்கரை கம்மி.

"சார், இடது கைதான் வழிகாட்டி. மட்டையப் பின்னால கொண்டு போகும்போது அது நெஞ்சுக்குக் குறுக்க நீண்டு இருக்கணும். விறைக்கவும் கூடாது, தொய்யவும் கூடாது. வலது முழங்கை மடங்கும், தட்டு ஏந்தி நிக்கிற சர்வர் மாதிரி. இறங்கும்போது இடது கை இழுத்துட்டு வரும், வலது முழங்கை விலாவ ஒட்டிக்கிட்டு கூடவே வரும். பந்தத் தாண்டினப்புறம்தான் வலது கை முழுசா நீளணும். புரியுதா?"

"புரியுது மேடம். அப்போ அடிக்கிறது எந்தக் கை?"

"எந்தக் கையும் அடிக்கல. வீசுறோம்."

"யாருமே அடிக்கலன்னா பந்து எதுக்குப் போகப்போகுது?"

அந்த அம்மாள் இன்னொரு கூடைப் பந்து கொண்டுவரச் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், கெட்டியாரின் இடது கை அதுவரை பார்த்த வேலை வாட்ச் கட்டிக்கொள்வது ஒன்றுதான். அதைத் தூக்கி ஒரே நாளில் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்தால் பழைய ஆள் சும்மா இருப்பானா? வலது கை வெளியே ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டது. மடங்கச் சொன்ன இடத்தில் மடங்கியது. விலாவை ஒட்டச் சொன்னால் ஒட்டியது. மட்டை அழகாக இறங்கி வரும், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருக்கும். பந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது, 'இவ்வளவு நேரம் பொறுத்தது போதும், கெட்டியா இருக்கணும்ல' என்று வலது கை ஓர் இழுப்பு இழுக்கும். மட்டையின் முகம் திரும்பிக்கொள்ளும். பந்து இடது பக்கம் வளைந்து போய் வேலியில் விழும்.

"கடைசில என்ன பண்றீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணலயே மேடம்."

அவருக்கே தெரியாது, பாவம். ஆயுள் முழுக்கச் செய்கிற தவறு கண்ணில் படுமா?

முழங்கை விலகாமல் இருக்க, வலது அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு பழகச் சொன்னார்கள். அவர் துண்டோடு சாப்பிட்டார், துண்டோடு டயர் மாட்டினார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் மனைவி காலையில் சாவியை எடுத்துக்கொண்டே, "என்னங்க, துண்டு இருக்குற இடத்துல தெர்மாமீட்டர வெச்சா காய்ச்சலாவது பாத்துக்கலாம்" என்பார். கடைக்கு வந்தவர்கள் அக்குளில் கட்டியா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்ததால் ஆமாம் என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியில் ஏறும்போது, மகள் போனில் பேசுவது காதில் விழுந்தது. "சிரிக்காத. எங்கப்பா எனக்காகத்தான் துண்ட இடுக்கிட்டு அலையுறாரு. அவருக்கு வரவே வராது, எனக்குத் தெரியும். ஆனா நிறுத்தச் சொல்ல மனசு வரல." கெட்டியார் பாதிப் படியிலேயே நின்றார். கண்ணைத் துடைக்கக் கை போயிருக்கும். ஆனால் வலது கையைத் தூக்கினால் துண்டு விழுந்துவிடும். அப்படியே நின்றார் மனுஷன்!

ஆட்டத்தன்று பல் டாக்டர் இரண்டு நிற ஷூவும், இடது கையில் மட்டும் வெள்ளை உறையுமாக வந்தார். அவர் மனைவி பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு, கடலை கொறித்தபடி பின்னாலேயே வந்தார். கெட்டியாரின் முதல் பந்து இடது பக்க மரங்களுக்குள் போயிற்று.

"வலது கை சார், வலது கை!" என்றார் டாக்டர் பெருந்தன்மையோடு. "இடது கை ராஜா, வலது கை மந்திரி. மந்திரி ஆட்சியப் பிடிக்கக் கூடாது. பாருங்க." நின்றார், வீசினார். அவர் பந்தும் இடது பக்க மரங்களுக்குள் போயிற்று.

"காத்து," என்றார்.

ஓர் இலைகூட அசையவில்லை. அடுத்த குழியில் புல் ஈரமாக இருந்தது. அதற்கடுத்து ஏதோ பறவை கத்தியது. அதற்கப்புறம் புது ஷூ. காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை, பந்துகளுக்குத்தான் பஞ்சம் வந்தது. ஒவ்வொரு குழியிலும் கெட்டியாருக்கு இரண்டு கைகளின் கடமைகளைப் பற்றி ஒரு பிரசங்கம் கிடைத்தது. முடிந்ததும் இருவரும் ஒரே மரக்கூட்டத்தில் குனிந்து தேடினார்கள்.

எட்டாவது குழியில் டாக்டரின் மனைவி வண்டியிலிருந்தே கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பத்தான் பண்றீங்க. எல்லாம் ஒழுங்கா வருது, கடைசில வெடுக்குனு ஒரு இழுப்பு. நீங்க நட்டு முறுக்குறீங்க, இவரு பல்லு புடுங்குறாரு."

"பல்லு புடுங்குறது என் தொழில்," என்றார் டாக்டர்.

"அதத்தான் நானும் சொல்றேன். பந்துக்கு வலிக்காதுங்க, விட்டுடுங்க."

டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு காற்றைக்கூட அவர் குறை சொல்லவில்லை. கெட்டியாருக்கு மகளின் வாழ்க்கை ஒரு கடலைத் தோலில் வழுக்கி விழுந்த மாதிரி இருந்தது.

ஒன்பதாவது குழி. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். மரத்துக்குள் போயிற்று. தன் முறை வந்ததும் கெட்டியார் ஒரு தீர்மானத்தோடு போய் நின்றார். நாமும் மரத்துக்குள்ளேயே அடித்துவிடுவோம், மனுஷன் கொஞ்சம் ஆறுதலடைவார். ஆனால் மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது மனம் வேறெங்கோ போய்விட்டது. வீட்டு வாசலில் மகள் காத்திருப்பாளே, கேட்பாளே, என்ன சொல்வது? எப்படி ஆரம்பிப்பது?

யோசனையில் இழுக்க மறந்துவிட்டார்.

இடது கை நீண்டு இறங்கியது. வலது முழங்கை விலாவோடு ஒட்டி வந்து, பந்தைத் தாண்டிய பிறகு, தானாக, சத்தமில்லாமல் நீண்டது. அடித்த மாதிரியே இல்லை! பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போயிற்று. புல்வெளியின் நடுவில், கோடு போட்ட மாதிரி, நேராக. அந்த ஒரு பந்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கழுத்தில் புல்லரிக்கும். இரண்டு கைகளும் ஒருமுறையாவது சண்டை போடாமல் சேர்ந்து செய்த காரியம் அது.

கெட்டியார் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். போச்சு. இத்தனை நாள் வேண்டி நின்ற பந்து, வரக்கூடாத நேரம் பார்த்து வந்து தொலைத்தது.

டாக்டர் பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகக் கிட்டே வந்தார்.

"எப்படி பண்ணீங்க?"

"தெரியலங்க டாக்டர். சத்தியமா தெரியாது."

"இன்னொண்ணு அடிங்க. நான் பாக்கணும்."

வண்டியில் கடலை கொறிக்கும் சத்தம் நின்றது. கெட்டியார் இன்னொரு பந்தை வைத்தார். இந்தமுறை எல்லாவற்றையும் யோசித்தார். இடது கையை நீட்டினார், வலதை மடக்கினார், விலாவோடு ஒட்டவைத்தார், கடைசி ஒரு சாணில் அவருடைய பழைய ஆள் விழித்துக்கொண்டான். பந்து இடது பக்கம் வளைந்து மரத்தில் மோதி, டாக்டரின் பந்து விழுந்த அதே புதருக்குள் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து அவ சொல்லிட்டுதான் இருக்கா. நான்தான் காத்து காத்துன்னு ஓட்டிட்டிருக்கேன். வாங்க சம்பந்தி, தேடுவோம்."

கெட்டியார் காதில் 'சம்பந்தி' என்ற அந்த ஒரு வார்த்தை விழுந்தது. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் பின்னாலேயே நடந்தார். புதரை விலக்கிக்கொண்டே டாக்டர் சொன்னார்:

"நான் ஒண்ண மட்டும்தான் பாத்துட்டிருந்தேன். மரத்துக்குள்ள யாரும் பாக்காதப்போ, பந்தக் கால்ல நல்ல இடத்துக்குத் தள்ளுவீங்களான்னு. ஒரு தடவகூடத் தள்ளல."

"தள்ளலாம்னு யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க."

"சொல்லிக் கொடுத்திருந்தா?"

கெட்டியார் நேர்மையாக யோசித்தார். "நாலாவது குழியில தள்ளியிருப்பேன்."

"அங்க நானே தள்ளினேன் சம்பந்தி," என்றார் டாக்டர் குரலைத் தாழ்த்தி. "வண்டியில சொல்லிடாதீங்க."

வெளியே ஹாரன் அடித்தது. "என்னங்க, உள்ள பந்து தேடுறீங்களா, தேதி பாக்குறீங்களா?"

"ரெண்டும்தான்!" என்று கத்தினார் டாக்டர். கெட்டியார் முட்செடிக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.