அவர் பழகிய நடை

கள்ளக்குறிச்சியில் ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் சேர்ந்து நடைப்பயிற்சி போகும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். என் வீட்டுக்காரர் வாராவாரம் கூப்பிடுவார். "இந்த முட்டிய வெச்சிக்கினு நான் வந்து நாலு பேரு சிரிக்கவா? நீங்க போங்க" என்று எரிந்து விழுவேன்.

அவர் மாரடைப்பில் போய் ஆறு மாதம் கழித்து, வாசலில் கிடந்த அவர் ஷூவைப் பார்த்து மனசு கேட்காமல் நானே போனேன். சீக்கிரமே பின்தங்கிவிட்டேன். கூட்டத்தில் நான் யாரென்று தெரிந்த ஒரு டீச்சர் மட்டும் எனக்காக நின்றார்.

"நீங்க போங்க, நான் மெதுவாத்தான் வருவேன்" என்றேன்.

"உங்க வூட்டுக்காரரும் இப்படித்தாங்க, கடைசியில வருவாரு. 'இன்னா சார், இவ்ளோ மெதுவா?'ன்னு கேட்டா, 'எங்க வூட்ல ஒருநாளு வருவாங்க, அவங்க நடைக்குப் பழகிக்கினு இருக்கேன்'னு சொல்வாரு."

தூரத்தில் கல்வராயன் மலை தெரிந்தது. ஒரே ஒரு ஞாயிறாவது வந்திருக்கலாம்.

இப்போது வாராவாரம் போகிறேன். பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுத்தான் நடக்கிறேன்.