அவள் வந்து கேட்கும் வரை

மாவட்டப் பெண்கள் சாஃப்ட்பால் இறுதிப் போட்டிக்குச் செங்கல்பட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் அம்பயர்கள். நான் ஹோம் பேஸில், பேட் பிடிப்பவளுக்குப் பின்னால். மற்ற மூன்று பேஸ்களும் என் கூட்டாளியின் பொறுப்பு. மதுராந்தகத்தில் பி.டி. டீச்சர், அவளுக்கு இது முதல் ஃபைனல். "இந்தப் பொண்ணு தாங்குமா?" என்று காலையிலேயே யாரோ என் காதுபடப் பேசினார்கள்.

ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். அவள் தீர்ப்பில் நான் தலையிட மாட்டேன். அவளாக வந்து கேட்டால், பார்த்ததைச் சொல்வேன்.

கடைசி இன்னிங்ஸ். பேட் செய்த அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இன்னும் ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அடித்த பந்து தரையில் உருள, மூன்றாவது பேஸில் நின்றவள் ஓடிவந்து ஹோமைத் தொட்டாள். நான் நிமிர்ந்தேன். அடித்தவள் முதல் பேஸுக்கு ஓட, அவளை முந்த அங்கே எறிந்த பந்து விலகிப் போனது. பேஸில் நின்ற ஃபீல்டர் எட்டிப் பிடித்தாள். அவள் ஷூவுக்கும் பேஸுக்கும் நடுவே மண் தெரிந்தது. பிடிப்பவளின் கால் பேஸில் இல்லையென்றால் அவுட் இல்லை; அவுட் என்றால் ஹோமைத் தொட்ட ரன்னும் செல்லாது.

என் கூட்டாளி கையை மடக்கினாள். "அவுட்!"

ஜெயித்த பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தோற்ற அணியின் கோச் நேரே என்னிடம் ஓடிவந்தார்.

"மேடம், கால் தூக்கிடுச்சு. நீங்க பாத்தீங்க இல்ல? சொல்லுங்க!"

"தீர்ப்பு அவங்களோடது சார். அவங்ககிட்ட பேசுங்க."

"பாத்துட்டு சும்மா நிக்கறீங்களே!"

சுருக்கென்று தைத்தது. அவள் கேட்காமலே போய்விட்டால்? ஆனால் இங்கிருந்து நான் கத்தி மாற்றினால், அப்புறம் அந்த மைதானத்தில் ஒருத்தரும் அவளை மதிக்க மாட்டார்கள். கம்பி முகக்கவசத்தைக் கழற்றிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோச் அவளிடம் போனார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றோம்.

"பந்து கைக்குப் போனது தெரிஞ்சுது. பந்து போட்டவ குறுக்க ஓடுனதுல கால் தெரில. நீ இன்னா பாத்த?"

"பிடிக்கறப்போ கால் பேஸ்ல இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. நானே சொல்லிக்கறேன்."

தனியாக நடந்துபோய் இரண்டு கைகளையும் விரித்தாள். "சேஃப்!"

ரன் சேர்ந்தது, ஆட்டம் சமம். இப்போது குதித்த பெண்களின் கோச் பாய்ந்து வந்தார். "யாரு மாத்தச் சொன்னது?"

"நான்தான் கேட்டேன், நான்தான் மாத்தறேன். ஆட்டத்த ஆரம்பிங்க சார்." நின்ற இடத்தை விட்டு அவள் அசையவில்லை. அவர் திரும்பிப் போகும் வரை நானும் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

கூடுதல் இன்னிங்ஸில், முதலில் குதித்த பெண்கள் தோற்றார்கள். அவர்களில் ஒருத்தி அவளிடம் கைகுலுக்க மறுத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டாள்: "நான் வரலைன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"வாயே தொறந்திருக்க மாட்டேன்."

"அந்தப் புள்ளைங்க அநியாயமா தோத்திருக்கும்."

"ஆமா."

நான் ஏற வேண்டிய மாமல்லபுரம் பஸ் வந்து நின்றபோது, என் பையை எடுத்துக் கொடுத்தாள். "அடுத்த மேட்ச்ல நான் ஹோம்ல நிக்கறேன். நீ பேஸப் பாரு. தெரிலன்னா நீ வந்து கேளு."