ஸ்டோரில் வைத்த இசைத்தட்டுகள்

என் நண்பனின் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பாழாக்கியவன் நான். அதைவிடக் கேவலம், அவன் கேட்டபோது பொய் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டம். ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. அவன் ஆபீஸில் கணக்கு எழுதினான், மலையடிவாரத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரன். மெட்ராஸில் படித்தபோது பழைய கடைகளில் தேடி வாங்கிய தட்டுகளையும், பேட்டரியில் ஓடும் பிளேயரையும் மலைக்குக் கொண்டுவந்திருந்தான். சாயங்காலங்களில் என்னைப் பிடித்து உட்காரவைப்பான்.

"நாயனத்துக்குச் சளி புடிச்சாப்ல இருக்கு மாப்ளே."

"அது சாக்ஸபோன்டா. வாய மூடிட்டுக் கேளு. வாசிக்கிறவன் பாட்ட விட்டு எங்கிட்டோ போறாப்ல இருக்கும், திரும்பி வந்துருவான்."

வந்ததாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. பேச்சுத் துணைக்கு அவனை விட்டால் ஆளில்லை என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். "பூஞ்சை புடிச்சிராமப் பாத்துக்க" என்று தட்டுப் பெட்டியையும் பிளேயரையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினான்.

தகரக் கூரையில் விடாத மழை. பேச ஆளில்லாமல் தட்டுகளைப் போட்டேன். ஒரு மாலை அந்தக் குழல் பாட்டை விட்டு விலகிப் போனது, அது திரும்பும் இடத்துக்காக நான் காத்திருந்தேன், வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தினமும் கேட்டேன். அவன் வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் தட்டுகளின் அட்டை உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சை. மலையில் எது நமுத்தாலும் ஸ்டோருக்குத்தான் போகும்: கம்பளி, தீப்பெட்டி, உப்பு. அந்தப் பழக்கத்தில் பெட்டியையும் கொண்டுபோய் ஓர் ஓரமாக வைத்தேன். காலையில் தட்டுகள் பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடந்தன.

அவன் மொட்டைத் தலையோடு திரும்பிவந்தான். அப்பா போய்விட்டார். பெட்டியைத் திரும்ப வாங்கித் திறந்தவன், "என்னடா ஆச்சு?" என்று கேட்டான். அந்த முகத்திடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பெட்டிய நான் தெறக்கவே இல்லடா" என்றேன்.

ஓர் அட்டையை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். "அப்ப நாந்தான் எங்கயோ வெக்கையில வச்சிட்டேன் போல."

திறக்காத பெட்டியின் பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவன் மாலையில் வருவதை நிறுத்தினான்; சில மாதங்களில் நிலத்தைப் பார்க்க ஊருக்கே போய்விட்டான். நான் ரேடியோவைத் திருகித் திருகி அந்தக் குழலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து, மதுரையில் ஒரு சாக்ஸபோன் கேசட் கிடைத்தது. வாங்கிக்கொண்டு தேவாரம் போனேன்.

"வாங்க, உக்காருங்க" என்றான். அந்த 'வாங்க'விலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இருந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மழைக்கால மாலையையும் சேர்த்து.

"தெரியும். அட்டையில ஸ்டோர் வாசம் அடிச்சுச்சு. தட்டு போனாப் போகுது, நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கேசட்டை வாங்கி டேப் ரெக்கார்டரில் போட்டான். கொஞ்ச நேரம் தலை குனிந்து கேட்டான். பிறகு, "கெணத்து மோட்டார அமத்திட்டு வந்துர்றேன்" என்று தோட்டத்துப் பக்கம் போனான்.

நான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்து டேப் நின்றது. மோட்டார் சத்தம் அதற்கு வெகு முன்பே நின்றிருந்தது.