எண்ணெய் மூடிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு டிராக்டர் முதன்முதலாகத் தெருவுக்குள் வந்தபோது அதை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. மாட்டு வேலையைச் செய்யப் பிறந்த வண்டி மாட்டின் தயவில் வந்து சேர்ந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நைனா மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் இருந்தது. அதுவரை நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சில காலம் பம்புசெட் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுபிடியாக இருந்திருக்கிறார். இஞ்சின் என்றால் அவருக்கு ஒரு கிறுக்கு. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில்தான் இந்த வண்டியைப் பார்த்தார். வெளிநாட்டுச் சரக்கு, தோட்ட வேலைக்கான குட்டி டிராக்டர். முன்னால் மண் அள்ள ஒரு இரும்புத் தொட்டி இரண்டு கைகளில் தொங்கும், பக்கெட் என்பார்கள். பல வருஷமாக ஓடாமல் துருப்பிடித்துக் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று தோப்புக்காரர் சொல்லிவிட்டார்.

"மனுசன் நிக்கவே ஊட்ல இடமில்ல. இத்த எங்க வெச்சிக்கினு கொஞ்சப் போற?" என்று அம்மா கேட்டாள்.

நைனாவிடம் அதற்குப் பதில் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைலில் ஒரு கட்டடம் நடந்துகொண்டிருந்தது. தூண்களுக்கு நடுவில் மணலைத் தள்ளப் பெரிய வண்டி நுழைய முடியவில்லை. அங்கிருந்த எஞ்சினியரிடம் நைனா தன் டிராக்டரைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓட்டிக்கொண்டு வா, மணலை அள்ளிக் காட்டினால் உனக்கு இங்கேயே வேலை என்றாராம் அவர். வரப்பில் கைகட்டி நின்று வேலை கேட்கும் பிழைப்பு அதோடு முடிந்துவிடும் என்று நைனா நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

நான்கு மாதம் எங்கள் வீட்டு முற்றம் பட்டறையாக இருந்தது. இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி வைத்தார். தினமும் பல் விளக்குவதற்கு முன்பே போய் இஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார். ஒன்பதாம் நாள் அது ஒரு விரற்கடை அசைந்தது. உள்ளே ஓடிவந்து, பிள்ளை பிறந்த சேதி மாதிரி அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "சரி, பேரு வை" என்றாள். பக்கெட்டைத் தூக்கும் பம்புக்குத் தோலை வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வாஷர் செய்தார். நடுவில் எங்கள் கோழி பக்கெட்டுக்குள் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட, வெளிநாட்டு டிராக்டர் மூன்று வாரம் கோழிக்காகக் காத்துக் கிடந்தது.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் இஞ்சின் ஓடியது. கரும்புகை கக்கி, இருமி, பிறகு ஒரே சீராகப் பாடியது. நைனா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தினோம். பொட்டு வைக்கும் நேரத்தில் பெரியப்பா வந்தார். நைனாவுக்கு அண்ணன், ஊருக்கே நாட்டாமை செய்ய ஆசைப்படுகிறவர். என் கையில் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பொட்டப் புள்ளயப் போயி மெஷினத் தொட உடறியே, வெளங்குமாடா? நாளைக்கி நடுவழில நின்னுச்சின்னா அப்ப சொல்லு."

"எம் பொண்ணு கை ராசியான கைண்ணா," என்றார் நைனா. என்னைப் பார்த்து, "நீ வெய்மா" என்றார்.

பெரியப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றதும் எனக்கு வீராப்பு வந்துவிட்டது. விளக்கு, சக்கரம், ஸ்டியரிங், பக்கெட்டின் பல் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். இஞ்சின் ஓட எண்ணெய் ஊற்றும் டாங்கியின் மூடி நெற்றி மாதிரி வட்டமாக இருந்தது. அதற்கு மட்டும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, விலகி நின்று அழகு பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மறுநாள் பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினோம். சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவும் தெரு ஆண்கள் ஐந்தாறு பேரும் கூடவே நடந்து வந்தார்கள். ரயில்வே கேட் தாண்டியதும் இஞ்சின் விக்கி நின்றது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நைனா மூடியைத் திறந்தார். பூஜைப் பொட்டு கலையக் கூடாதே என்று ஓரமாகப் பிடித்துத் திருகினார். எண்ணெய் நிறைய இருந்தது. மூடினார், கைப்பிடியைச் சுற்றினார், கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. மறுபடியும் திறந்து பார்த்தார், மூடினார், ஓடியது. பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எஞ்சினியர் மணல் மேட்டின் அருகே குடைபிடித்து நின்றிருந்தார். நைனா பக்கெட்டை இறக்கி முதல் மணலை அள்ளினார். தோல் வாஷர் தாங்கியது. பக்கெட் மெல்ல உயர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது தடவை பக்கெட் பாதி உயரத்தில் இருந்தபோது இஞ்சின் செத்துப்போனது.

இந்த முறை நைனா மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டு முனையால் என் பொட்டை அழுத்தித் துடைத்தார். ஒரு முள்ளை ஒடித்து மூடியின் நடுவில் குத்தினார், ஊதினார். எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாவற்றிலும் அழகான பொட்டு அதுதானே.

"இன்னாப்பா ஆச்சி?" என்றார் எஞ்சினியர்.

"எம் மேலதான் தப்பு சார். மூடில அழுக்கு அடஞ்சிக்கினு இருக்குது. காலைல சுத்தம் பண்ணாம வந்துட்டேன்."

அதன் பிறகு வண்டி நிற்கவே இல்லை. மேட்டில் பாதியை நகர்த்திக் காட்டினார். ஆனாலும் எஞ்சினியர் கறார் ஆள். கிளம்பும் முன் மெஷினைப் பார்க்காத ஆளை நம்பித் தூண்களுக்கு நடுவில் விட முடியாது என்றார். மூன்று மாதம் மற்றவர்களோடு மண் சுமக்கட்டும், ஒழுங்காக இருந்தால் அப்புறம் வண்டியைக் கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார். நைனா, "சரிங்க சார்" என்றார். டிராக்டர் முற்றத்தில் நிற்க, அதன் சொந்தக்காரர் மூன்று மாதம் தலையில் கூடை சுமந்தார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் முதல் ஆளாக ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னவள் நான்தான். "நைனா மூடியச் சுத்தம் பண்ண மறந்துட்டாரும்மா, அதான் வேல தள்ளிப் போச்சி." தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். நைனா பக்கத்திலேயே கால் கழுவிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

இருபது வருஷம் கழித்து மணவாள நகரில் என் மொபெட் நின்றுபோனது. மெக்கானிக் பெட்ரோல் மூடியைத் திறந்து ஊதினார். "மூடில சின்னதா ஒரு ஓட்ட இருக்கும்மா. அது அடச்சிக்கினா உள்ள காத்து போவாது, பெட்ரோல் எறங்காது. தெறந்தா ஓடும், மூடுனா நின்னுடும்" என்றார். அந்தக் கடை வாசலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எஞ்சினியர் சிரித்துவிட்டு அன்றைக்கே வேலை கொடுத்திருப்பார். பெரியப்பாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அது அவர் காதில் விழுந்திருந்தால், அதற்குப் பிறகு என்னை எந்த மெஷினையும் தொட யாரும் விட்டிருக்க மாட்டார்கள். நைனா அப்போது உயிரோடு இல்லை. நான் படித்ததும், இன்று தொழிற்பயிற்சிப் பள்ளியில் மெஷின் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுவதும் அவர் சுமந்த அந்தக் கூடையில்தான். அவரிடம் சொல்ல முடியாத நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பொட்டுக்கு அடுத்த வருஷம், ஆயுத பூஜைக்குள் நைனா அந்தத் தொழிற்சாலையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம்தான் கொடுத்தார். அதற்கு முன் எண்ணெய் மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டாங்கியின் வாயை ஒரு துணியால் மூடினார். நான் பொட்டு வைத்து முடிக்கும்வரை மூடி அவர் பையிலேயே இருந்தது.

"இந்த வருசமாவது மூடியச் சுத்தம் பண்ணி வை நைனா" என்றேன், இடுப்பில் கை வைத்து.

"சரிம்மா," என்றார், "இனிமே மறக்க மாட்டேன்."