பிள்ளை பெற்றவளுக்கு ஆகாதவை

எங்கள் பெரியதாழையில் பிள்ளை பெற்றவளின் சாப்பாட்டுக்கு மாமியார்தான் நீதிபதி. எனக்குத் தாய் இல்லை. அதனால் எழுபதுகளின் தொடக்கத்தில் என் தலைப்பிள்ளையை மாமியார் வீட்டிலேயே பெற்றேன். வீட்டுக்காரர் தோணியில் கொச்சிக்குப் போயிருந்தார்.

பால்சுறாப் புட்டு ஆகும், பால் ஊறும். காரல் மீன் சொதி ஆகும். சாளை, நண்டு, கணவாய் ஆகாது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரப்பான் புண் வரும். கத்தரிக்காயும் அப்படித்தான். ஆத்தூரிலிருந்து சித்தி கொண்டுவந்த வாழைப்பழம் குளிர்ச்சி என்று வாசலிலேயே நின்றுவிட்டது. வெற்றிலை மட்டும் உள்ளே வந்தது. "நம்ம முன்னோர் தின்னதத்தான் திங்கணும்" என்பார் மாமியார். ஆனால் பேக்கரி ரொட்டி ஆகுமாம். எந்த முப்பாட்டன் இந்த மணலில் கோதுமை விதைத்தானோ!

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்பேன். தண்ணீரும் ஆகாது என்றதுதான் என்னைக் கொன்றது. மருந்துருண்டையை விழுங்க ஒரு மடக்கு வெந்நீர், அவ்வளவுதான். அதற்கு மேல் குடித்தால் சன்னி கண்டுவிடுமாம். தண்ணீர்ப் பானை மாமியாரின் தலைமாட்டில் இருந்தது. சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் சப்பிச் சப்பிப் பார்த்து, பால் வராமல் வீறிட்டு அழுவாள். மாமியார் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சுறாப்புட்டு கொண்டுவருவார்.

ஊருக்கு வந்த நர்சம்மா பார்த்துவிட்டு, "தண்ணி குடுங்கம்மா, தண்ணியில்லாம பால் எங்கன இருந்து வரும்?" என்று கத்தினார்.

"கல்யாணமே ஆகாதவ சொல்லுதா. நான் எட்டுப் பெத்தவளாக்கும்" என்றார் மாமியார். எட்டில் எத்தனை மிஞ்சியது என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் திரும்பி, "ஏளா, வாயைக் கட்டு. எல்லாம் பிள்ளைக்குத்தான்" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. மனசாரத் திட்டக்கூட முடியவில்லை.

மகளுக்கு ஆட்டுப்பால் புகட்டினார்கள். கழிச்சல் கண்டது. திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுமுன்பே என் மடியில் அடங்கிவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய மாமியார் அழுதபடியே ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்தார். "குடி, தாயி. இனி உனக்கு என்னவும் ஆகும்."

செம்பை வாயிலிருந்து எடுக்காமல் குடித்தேன். மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தேன். மறுநாள் விடிந்தபோது என் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.